மஞ்சள் அட்டையும் நூலகக் கணனியும்

டென்மார்க்கில் வாழும் எம்மவர் ஒவ்வொருவரின் பணப்பையிலும் ஒரு மஞ்சள் அட்டை இருக்கும். பெயர், முகவரி, சீ.பீ.ஆர் இலக்கம், குடும்ப வைத்தியரின் பெயர் என எல்லாம் அதில் அச்சிடப்பட்டிருக்கும். வைத்தியரிடம் போகும்போது அதை எடுத்துச்செல்ல நாம் மறப்பதில்லை. ஆனால் இதே அட்டை ஊர் நூலகத்தின் கதவையும் திறக்கும் என்பது எங்கள் மூத்தவர்கள் பலருக்குத் தெரியாது. இன்று முதற் கதவுக்குள் போவதற்கு இரண்டாவது கதவும் தேவைப்படுகிறது. அதைப் பற்றித்தான் இக்கட்டுரையில் பேசுகிறோம்.

உரிமை எங்கிருந்து வந்தது?

ஒரு காலத்தில் டென்மார்க்கிலும் மருத்துவச் செலவை நோய்க்காப்பு நிதியங்களே பார்த்துக்கொண்டன. மக்கள் சந்தா கட்டி அவற்றில் உறுப்பினராகச் சேர்ந்தார்கள். 1973 ஏப்ரல் 1ஆம் திகதி அந்த நிதியங்கள் மூடப்பட்டன. அன்று முதல் மருத்துவம் வரிப்பணத்தில் நடக்கும் பொதுச் சேவையாகியது. ஆளுக்கு ஓர் இலக்கம் என்ற சீ.பீ.ஆர் முறை 1968 இலேயே வந்துவிட்டது. ஆகவே எண்பதுகளில் நாம் அகதிகளாக வந்து இறங்கியபோது எல்லாம் ஆயத்தமாக இருந்தது. வதிவிட அனுமதியோடு இலக்கமும், இலக்கத்தோடு அட்டையும் கைக்கு வந்தன.

இங்கே கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. இந்த உரிமை குடியுரிமையை வைத்துக் கொடுக்கப்படுவதில்லை, வதிவிடத்தை வைத்தே கொடுக்கப்படுகிறது. கடவுச்சீட்டு எந்த நாட்டினதாக இருந்தாலும், இந்நாட்டில் வதிவிடம் பதிந்தவருக்குக் குடும்ப வைத்தியரும் பொது வைத்தியசாலையும் இலவசம். வழக்கு முடியாத புகலிடக் கோரிக்கையாளரின் அவசியமான சிகிச்சைச் செலவைக் குடிவரவுத் திணைக்களம் ஏற்கிறது.

எல்லாம் இலவசம் என்றும் எண்ணிவிடக்கூடாது. பிள்ளைகளின் பல் வைத்தியம் இலவசம். வளர்ந்தவர்கள் பெரும்பங்கைத் தாமே கட்டவேண்டும். மருந்துக்கு, வருடத்தில் நாம் செலவழிக்கும் தொகை கூடக்கூட அரசின் பங்கும் கூடும். அந்தக் கணக்கை மருந்துக்கடையிலேயே எமது இலக்கத்தின் கீழ் தானாகப் பதிகிறார்கள். சேமிப்புக் குறைந்த ஓய்வூதியர்களுக்கு ஹெல்பிரெட்ஸ்தில்லெக் என்னும் உடல்நலக் கொடுப்பனவு உண்டு. மருந்து, பல் வைத்தியம், உடற்பயிற்சிச் சிகிச்சை போன்றவற்றில் தம் கையால் கட்டவேண்டிய பங்கில் 85 சதவீதம் வரை அதன்மூலம் பெறலாம். மூக்குக்கண்ணாடிக்கும் பொய்ப்பல்லுக்கும் தனி விண்ணப்பம் உண்டு. அதை வாங்கிய பிறகு அல்ல, வாங்குவதற்கு முன்னரே கொடுக்கவேண்டும். இது தெரியாமல் முழுத்தொகையையும் கட்டிய எம்மவர்கள் இருக்கிறார்கள்.

கடிதம் வராத கதை

ஊரில் பெரியாஸ்பத்திரிக்குப் போனால் துண்டு எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்போம். நேரம் போகும், கால் வலிக்கும், ஆனால் வரிசை கண்ணுக்குத் தெரியும். இங்கே வரிசை கண்ணுக்குத் தெரியாது. அது கணனிக்குள் இருக்கிறது.

2014 நவம்பர் 1ஆம் திகதி முதல், 15 வயதுக்கு மேற்பட்ட அனைவரும் அரச கடிதங்களை டிஜிட்டல் போஸ்ட் வழியாகவே பெறவேண்டும் என்பது சட்டம். வைத்தியசாலையின் அழைப்பும் அதற்குள்தான் வரும். பெட்டிக்குள் வந்து விழுந்தாலே கடிதம் கிடைத்ததாகச் சட்டம் கணக்கிடும். திறந்து பார்க்கவில்லை என்பது ஒரு காரணமாகாது.

எங்கள் வட்டத்தில் ஒரு தாயாருக்கு நடந்ததைச் சொல்கிறோம். அவருடைய கண் பரிசோதனைக்கு ஒரு வைத்தியசாலை நாள் குறித்துக் கடிதம் அனுப்பியிருந்தது. அவரது டிஜிட்டல் போஸ்டை மகனே தன் கைத்தொலைபேசியில் பார்த்துவந்தார். மகன் வேலை மாறிக் கொப்பன்ஹேகன் போனார், தொலைபேசியும் மாற்றினார். ஆறு கிழமையாக அந்தப் பெட்டியை எவரும் திறக்கவில்லை. குறித்த நாளும் கடந்துவிட்டது. மகன் கேட்டபோது அம்மா சொன்னது இவ்வளவுதான்: "எனக்கு ஒரு கடிதமும் வரேல்லையே, தம்பி." அவர் ஒவ்வொரு நாளும் வாசலில் இருந்த தபால்பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இருவர் மீதும் பிழை சொல்ல நாம் வரவில்லை. மகன் ஒருவரையே வழியாக வைத்திருந்ததுதான் சிக்கல்.

நூலகம் எதற்கு இருக்கிறது?

2000ஆம் ஆண்டின் நூலகச் சட்டம், புத்தகங்களோடு இணையத்தையும் மக்களுக்குக் கிடைக்கச் செய்வது பொது நூலகங்களின் கடமை என்று சொல்கிறது. நாட்டின் 98 நகரசபைகளும் நூலகம் நடத்தவேண்டும். ஆகவே வீட்டில் கணனி இல்லாதவர் ஊர் நூலகத்துக்குப் போய் இலவசமாகக் கணனியில் அமரலாம். பல நூலகங்களில் ஊழியர் இல்லாத நேரத்திலும் மஞ்சள் அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் கொண்டு உள்ளே போகலாம். அதற்கு முதலில் ஒருமுறை பயனராகப் பதிந்துகொள்ள வேண்டும்.

கணனிமுன் அமர்ந்தபின் தேவைப்படுவது மிட்ஐடி. கைத்தொலைபேசிச் செயலி பிடிபடாதவர்கள் இலக்கம் காட்டும் சிறு கருவியைக் கேட்டுப் பெறலாம். அதைத் திறப்புக்கோர்வையில் கொழுவிக்கொண்டால் போதும். மிட்ஐடி கையில் இருந்தால் டிஜிட்டல் போஸ்ட் மட்டுமல்ல, சுன்ஹெட் டி.கே. தளத்தில் இரத்தப் பரிசோதனை முடிவு, மருந்துப் பட்டியல், வைத்தியசாலைக் குறிப்புகள் ஆகியவற்றையும் பார்க்கலாம்.

பொதுக் கணனி என்பதால் மூன்று கவனங்கள் தேவை. கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எழும்பும் முன் வெளியேறு என்பதை அழுத்துங்கள். அச்சடித்த தாளை இயந்திரத்தில் விட்டுவிட்டு வராதீர்கள்.

கணனியே முடியாது என்பவர்களுக்கும் வழி உண்டு. நகரசபையின் போர்கர்சேர்விஸ் பிரிவுக்குப் போய் டிஜிட்டல் போஸ்டில் இருந்து விலக்குக் கேட்கலாம். வீட்டில் கணனி இல்லாமை, உடல் அல்லது மனநல இயலாமை, மொழிச் சிரமம் ஆகியவை ஏற்கப்படும் காரணங்கள். விலக்குக் கிடைத்தால் கடிதங்கள் பழையபடி தாளில் வீட்டுக்கு வரும். எல்ட்ர சேயன் என்னும் முதியோர் அமைப்பின் தொண்டர்களும் கணனி பழக்க உதவுகிறார்கள்.

பிள்ளைகள் உதவுவது நல்லதுதான். ஆனால் அம்மாவின் மிட்ஐடியைப் பிள்ளை வைத்திருப்பது விதிக்கு முரணானது. அதற்குப் பதிலாக, டிஜிட்டல் போஸ்டை வாசிக்கும் அனுமதியையும் இணையவழி அதிகாரப் பத்திரத்தையும் முறைப்படி கொடுக்கலாம். ஒருவருக்கு மட்டுமல்லாது இருவருக்குக் கொடுத்துவைத்தால், ஒருவர் ஊர் மாறினாலும் பெட்டி பூட்டிக் கிடக்காது.

மொழி என்னும் மூன்றாம் கதவு

2018 ஜூலை 1ஆம் திகதி, மூன்று ஆண்டுகளுக்கு மேல் இங்கு வாழ்ந்தவர்கள் வைத்தியரிடம் மொழிபெயர்ப்பாளருக்குக் கட்டணம் கட்டவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. நோய் காரணமாக டெனிஷ் மொழியைப் பேசும் ஆற்றலை இழந்தவர்களுக்கு, வைத்தியரின் சான்றோடு விலக்கும் வைக்கப்பட்டது. மறதி நோய் வந்த எங்கள் பெரியவர்களில் சிலர் முதலில் மறப்பது பிந்திப் படித்த மொழியைத்தான். ஆகவே நாள் குறிக்கும்போதே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லி, கட்டணம் உண்டா, விலக்கு உண்டா என்று கேட்டுத் தெளிவுபடுத்துங்கள். கட்டணத்துக்குப் பயந்து பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவது அந்தப் பிள்ளைக்கும் பாரம், நோயாளிக்கும் கூச்சம். சொல்லவேண்டியது பாதி சொல்லாமலே போய்விடும்.

கிடப்பில் போன கோப்புகள்

ஒரு தாள் கிடப்பில் கிடந்தால் என்ன நடக்கும் என்பதை டென்மார்க் தமிழருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1987 இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் காலத்தில், எமது குடும்ப இணைவு விண்ணப்பங்கள் சட்டத்துக்கு மாறாக நிறுத்திவைக்கப்பட்டன. அந்தத் தமிழர் விவகாரத்தால் 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஷ்லுட்டரின் அரசு பதவி விலகியது. 1995 இல் முன்னாள் அமைச்சர் விசேட நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டார். அன்று கோப்பு அமைச்சில் கிடந்தது, அதைத் திறக்க எம்மால் முடியவில்லை. இன்று கடிதம் எமது பெட்டியிலேயே கிடக்கிறது. திறப்பு எமது கையில்.

ஹேர்ணிங், பிராண்டே, ஹொல்ஸ்ரபுரோ, வைலெ என எம்மவர் வாழும் ஊர்கள் எல்லாவற்றிலும் நூலகம் உண்டு. தமிழ்ப் பாடசாலைக்குப் பிள்ளையைக் கூட்டிவரும் நாளிலோ, கோயிலுக்கு வரும் நாளிலோ, டிஜிட்டல் போஸ்ட் தெரிந்த ஒருவர் தெரியாத ஒருவரை நூலகத்துக்கு அழைத்துப்போனால் போதும். பெட்டியை ஒருமுறை திறந்து காட்டுங்கள். அடுத்த முறை அவரே திறக்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள்.