கணக்கேடுகள் காட்டும் கைகள்: இடைக்கால ஆங்கிலப் பூத்தையல் குறித்த ஒரு நோக்கு

முன்னுரை

இடைக்கால இங்கிலாந்தில் உருவான பொன்னிழைப் பூத்தையல், 'ஆங்கில வேலைப்பாடு' எனப் பொருள்படும் 'ஓபஸ் ஆங்கிலிகானம்' என்னும் இலத்தீன் பெயரால் ஐரோப்பா எங்கும் அறியப்பட்டது. 13, 14ஆம் நூற்றாண்டுகளில் உச்சம் பெற்ற இக்கலையைப் போற்றியோரின் பெயர்கள் வரலாற்றில் நிலைத்தன. தைத்தோரின் பெயர்கள் பெரும்பாலும் மறைந்தன. அப்பெயர்களை அறிய எவ்வகைச் சான்று துணைபுரிகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தையல் நுட்பம்

பொன்முலாம் பூசிய வெள்ளித் தகட்டைப் பட்டு நூலின்மீது சுற்றி இழை செய்தனர். அவ்விழையைத் துணியின்மேல் கிடத்தி, பின்புறமிருந்து வரும் லினன் நூலால் பற்றிச் சிறு கண்ணியாக அடிப்பக்கத்திற்கு இழுத்தனர். கட்டும் நூல் மேலே வெளிப்படாமையால் தேய்வு குறைந்தது. ஒவ்வொரு கண்ணியும் கீல்போல் இயங்கியமையால் பொன் நிறைந்த ஆடையும் எளிதில் வளைந்தது.

வரலாற்றேடும் கணக்கேடும்

1246ஆம் ஆண்டில் போப் நான்காம் இன்னொசென்ட் இவ்வேலைப்பாடுகளை விரும்பி, இங்கிலாந்தின் சிஸ்டர்சிய மடத் தலைவர்களிடம் கேட்டுப் பெற்ற செய்தியைச் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவி மத்தேயு பாரிஸ் பதிவுசெய்துள்ளார். தாம் விரும்பிய விலைக்கு விற்ற இலண்டன் வணிகர்களையும் அவர் சுட்டுகிறார். ஆயின், தைத்தவரைப் பற்றி அப்பதிவில் ஒரு சொல்லும் இல்லை.

அரசின் செலவுக் கணக்குகளோ வேறு செய்தி தருகின்றன. மூன்றாம் ஹென்றி மன்னருக்காகப் பூத்தையல் செய்த, பரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊரைச் சார்ந்த மேபல் என்னும் பெண்ணின் பெயர் 1239 முதல் அரச ஆவணங்களில் இடம்பெறுகிறது. 1256இல் அவ்வூருக்கு வந்த மன்னர், அவருடைய நெடும்பணியைக் கருதித் துணியும் முயல்மென்மயிரும் வழங்க ஆணையிட்டார். வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தின் பலிபீடத் திரைக்காக நான்கு பெண்கள் மூன்றேமுக்கால் ஆண்டுகள் உழைத்தமையும் கணக்குகளாலேயே தெரியவருகிறது.

முடிவுரை

1348இல் பரவிய கொள்ளைநோய்க்குப் பின் இக்கலை தளர்ந்தது. 16ஆம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்தக் காலத்தில் திருவுடைகள் பல அழிந்தன; பொன்னைப் பிரித்தெடுக்க எரிக்கப்பட்டவையும் உண்டு. எஞ்சியவற்றுள் சயன் மேலங்கி இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் அழகைக் காண இயலும். தைத்தவர் பெயரை அதில் காண இயலாது. புகழைப் பதிந்த வரலாற்றேடு மறந்த உழைப்பைக் கூலியைப் பதிந்த கணக்கேடே காத்துள்ளது. எனவே, கைவினை வரலாற்றை எழுதுவோர் வரவுசெலவுக் குறிப்புகளையும் முதன்மைச் சான்றாகக் கொள்ளுதல் இன்றியமையாததாகும்.