கிரிட்எஃப்எஸ்

மாங்கோடிபி என்ற ஆவணத் தரவுத்தளத்தில் பெரிய கோப்புகளைத் துண்டுகளாக்கிச் சேமித்து, கேட்கும்போது கோத்துத் தரும் முறை கிரிட்எஃப்எஸ். மாங்கோடிபியில் ஓர் ஆவணம் 16 எம்.பி.யைத் தாண்டக் கூடாது. பெயர், தேதி, அளவீடு எல்லாம் அதற்குள் தாராளமாக அடங்கும், பெரிய காணொளி அடங்காது.

எடுத்துக்காட்டாக, ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் பெரிய கோப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஒரகடத்தின் குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டரில் வாகன மோதல் சோதனை வசதி உண்டு. இத்தகைய சோதனைகளை விநாடிக்கு ஆயிரம் படங்கள் என்ற வேகத்தில் கேமராக்கள் பதிவு செய்வது வழக்கம். அப்படி 100 எம்.பி. பதிவு ஒன்று கிரிட்எஃப்எஸ்ஸுக்குள் போவதாகக் கொள்வோம்.

சேமிப்பு

துண்டின் வழக்கமான அளவு 255 கே.பி. அந்தக் கணக்கில் 401 முழுத் துண்டுகளும், கடைசியாக 145 கே.பி. துண்டு ஒன்றும் கிடைக்கும். அவை 0 முதல் 401 வரை வரிசை எண்ணுடன் ‘சங்க்ஸ்’ தொகுப்பில் அமரும். கோப்பின் பெயர், நீளம், பதிவேற்றிய நேரம் ஆகியவை ‘ஃபைல்ஸ்’ தொகுப்பில் ஒரே ஆவணமாக இருக்கும். வாகன மாடல், சோதனை எண் போன்றவற்றையும் அதிலேயே மெட்டாடேட்டாவாகச் சேர்த்துத் தேடலாம்.

பைத்தானில் எழுதுபவர் பைமாங்கோ நூலகத்தின் ‘கிரிட்எஃப்எஸ் பக்கெட்’டை உருவாக்கி, திறந்த கோப்பை ‘அப்லோட் ஃப்ரம் ஸ்ட்ரீம்’ செயற்கூறிடம் கொடுத்தால் போதும். வெட்டுவதும் எண்ணிடுவதும் நூலகத்தின் வேலை. முதலில் துண்டுகள் ஏறும், ‘ஃபைல்ஸ்’ ஆவணம் கடைசியில் எழுதப்படும். ஆகவே நடுவில் இணைப்பு அறுந்தால் அரைகுறைக் கோப்பு யார் கண்ணிலும் படாது. ஆனால் அதன் துண்டுகள் அனாதையாகத் தங்கி இடத்தை அடைக்கலாம்.

மீட்பு

கோப்பு எண்ணும் துண்டு எண்ணும் சேர்ந்த இன்டெக்ஸ் இருப்பதால் நடுப்பகுதியை மட்டும் படிக்க முடியும். மேற்சொன்ன பதிவில் 50ஆவது எம்.பி.க்குத் தாவினால் 200ஆம் எண் துண்டிலிருந்து வாசிப்பு தொடங்கும். முழுக் கோப்பையும் நினைவகத்தில் ஏற்றத் தேவையில்லை. ஒரே பெயரில் பல பதிப்புகளும் இருக்கலாம்: பெயர் சொல்லிக் கேட்கும்போது 0 என்றால் முதல் பதிப்பு, -1 என்றால் கடைசிப் பதிப்பு. அடிக்கடி திருத்தப்படும் வரைபடங்களுக்கு இது கைகொடுக்கும்.

எல்லைகள்

கிரிட்எஃப்எஸ்ஸில் பல ஆவணப் பரிவர்த்தனை செல்லாது. கோப்பு முழுவதையும் ஒரே மூச்சில் மாற்ற வழியில்லை. புதிய பதிப்பை ஏற்றிவிட்டுப் பழையதை நீக்க வேண்டும். 16 எம்.பி.க்குள் அடங்கும் கோப்பை நேரடியாக ஆவணத்துக்குள்ளேயே வைப்பது எளிது.

மாங்கோடிபி இருக்கும் இடத்திலெல்லாம் கோப்பும் அதற்குள் போக வேண்டியதில்லை. ஆதார் திட்டத்தின் தொடக்ககாலக் கட்டமைப்பில் மக்களின் விவரமும் புகைப்படமும் மாங்கோடிபியில் இருந்தன. ஆளுக்கு ஏறத்தாழ 5 எம்.பி. வந்த மூலப் பதிவுப் பொட்டலங்கள் ஹடூப் கோப்பு முறைமைக்குப் போயின. நாளுக்கு 10 லட்சம் பதிவு என்ற கணக்கில் அவை மட்டுமே தினம் சுமார் 5 டி.பி. ஆகும்.