மோர்ஸ் தேர்வு வேண்டுமா?

பிழைப்புக்காக அன்றி, ஆர்வத்தின் பொருட்டு வானொலிக் கருவி அமைத்துத் தொலைநாட்டாரோடு செய்தி பரிமாறிக்கொள்வோரை அமெச்சூர் வானொலியாளர் என்கிறோம். இதற்கு அரசின் உரிமம் வேண்டும். அவ்வுரிமம் பெறுவோர் புள்ளியும் கோடுமாகிய மோர்ஸ் குறிகளைக் கட்டாயம் கற்கத்தான் வேண்டுமா? அமெரிக்க நாட்டின் வரலாற்றைக் கொண்டு இக்கேள்வியை ஆராய விழைகிறேன்.

1912-ஆம் ஆண்டு ஏப்ரலில் 'டைட்டானிக்' கப்பல் மூழ்கிற்று. அதையொட்டி வானலைகளில் எழுந்த குழப்பத்திற்கு அமெச்சூர்களும் காரணம் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் பிறந்த வானொலிச் சட்டம், அவர்கள் உரிமம் பெறவேண்டும் என்றும், 200 மீட்டருக்கு மேற்பட்ட அலைநீளங்களைப் பயன்படுத்தலாகாது என்றும் விதித்தது. மோர்ஸ் அறிவும் தேர்வின் ஒரு பகுதியாயிற்று.

அன்று இவ்விதி நியாயமானதே. கடலில் தத்தளிக்கும் கப்பலின் அபாய அழைப்பும், 'ஒலிபரப்பை நிறுத்துக' என்னும் அரசு நிலையத்தின் ஆணையும் மோர்ஸிலேயே வந்தன. அவற்றைக் கேட்டறியத் தெரியாதவன், ஓர் உயிரின் கூக்குரல் மீதே தன் கருவியை முழக்கிவிடக்கூடும் அல்லவா?

பயனற்றவை என ஒதுக்கித் தரப்பட்ட சிற்றலைகளில் அமெச்சூர்கள் அருஞ்செயல் புரிந்தனர். 1923 நவம்பரில், கனெக்டிகட் மாநிலத்துப் பிரெட் ஷ்னெல்லும் பிரான்சின் நீஸ் நகரத்து லெயோன் டெலாயும் ஏறத்தாழ 100 மீட்டர் அலையில் அட்லாண்டிக் கடலைக் கடந்து செய்தி பரிமாறினர். அதுவும் மோர்ஸின் வெற்றியே.

பின்னர்க் குரலொலிபரப்பு வளர்ந்தது; ஆயினும் தேர்வு கடினமாயிற்று. பொது உரிமத்திற்கு நிமிடத்திற்கு 13 சொற்கள், உயர்நிலை உரிமத்திற்கு 20 சொற்கள் என வேகம் வகுக்கப்பட்டது. ஐந்து எழுத்துகள் ஒரு சொல்லாகக் கொள்ளப்பட்டன.

இத்தேர்வை ஆதரித்தோர், குரல் புரியாத இரைச்சலிலும் மோர்ஸ் கேட்கும். எளிய கருவியும் குறைந்த மின்னாற்றலும் அதற்குப் போதும். பயிற்சி ஒழுக்கம் தரும் என்றனர். எதிர்த்தோரோ, மின்னணுவியலை நன்கறிந்த ஒருவரைச் செவிப்பழக்கம் இல்லாமைக்காகத் திருப்பி அனுப்புவது முறையா என வினவினர்.

இதற்கிடையே கடலே மோர்ஸைக் கைவிட்டது. 1999 பிப்ரவரி 1 முதல், செயற்கைக்கோள் முதலியவற்றைக் கொண்ட புதிய அபாய அறிவிப்பு முறை கப்பல்களில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 30 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைந்த அலைகளுக்கு மோர்ஸ் தேர்ச்சியைக் கட்டாயமாக்கியிருந்த அனைத்துலக விதியை, 2003-இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு நீக்கி, முடிவை அந்தந்த நாட்டிடம் விட்டது. பிரிட்டன் அவ்வாண்டே தேர்வைக் கைவிட்டது. அமெரிக்கா 2007 பிப்ரவரி 23 அன்று கைவிட்டது.

இம்முடிவு சரியென்றே நான் கருதுகிறேன். பிறர் உயிரைக் காக்கும்வரை அத்தேர்வு அறமாக இருந்தது. அக்காரணம் மறைந்தபின் வெறும் தடையாக நின்றது. தேர்வு போனால் மோர்ஸும் அழியும் என்று அஞ்சியோர் உண்டு. ஆனால் அது அழியவில்லை. எவரும் கட்டாயப்படுத்தாமலே அதனைக் கற்று மகிழ்வோரின் குறிகள் இன்றும் சிற்றலைகளில் ஒலிக்கின்றன. மாணவர்களே, ஒரு விதியைக் காணும்போது அது எதற்காகப் பிறந்தது என்று முதலில் கேளுங்கள். அக்காரணம் இன்னும் உள்ளதா என்று அடுத்துக் கேளுங்கள்.