வில்லையின் மேல் ஒரு பெயர்

ஒளிப்படக் கருவியை விலைக்கு வாங்குவோர் முதலில் நோக்குவது அதன் நெற்றியில் பொறிக்கப்பட்டுள்ள பெயரையே. படத்தை உருவாக்குவதோ அந்நெற்றிக்குக் கீழே அமைந்துள்ள லென்ஸ் எனப்படும் வில்லை. கருவியைச் செய்த நிறுவனமே செய்த வில்லை உயர்ந்தது. பிறர் செய்து பொருத்தும் வில்லை மாற்றுக் குறைந்தது என்னும் எண்ணம் கடைத்தெருவில் நெடுநாளாக வேரூன்றி நிற்கிறது. இவ்வெண்ணம் எத்துணை மெய் என்பதை அறிய, ஒரே ஒரு பெயரின் வரலாற்றைப் பின்தொடர்ந்து சென்றாலே போதும். வோய்க்ட்லேண்டர் என்பது அப்பெயர். வியன்னாவில் பிறந்து, ஜெர்மனியில் வளர்ந்து, சிங்கப்பூரில் சில ஆண்டுகள் தங்கி, இன்று ஜப்பானிய மலைநாட்டில் வாழும் பெயர் அது.

1756ஆம் ஆண்டில் யோகான் கிறிஸ்டோஃப் வோய்க்ட்லேண்டர் என்பார் வியன்னாவில் ஒரு பட்டறையைத் தொடங்கினார். அளவைக் கருவிகள் செய்யும் பட்டறை அது. ஒளிப்படக்கலை அப்போது பிறக்கவே இல்லை. 1839இல் பாரிசில் டாகர் தம் கண்டுபிடிப்பை உலகிற்கு அறிவித்தபோது, அவருடைய கருவியில் இருந்த வில்லை மிகக் குறைந்த ஒளியையே உள்ளே விட்டது. வெயிலில் வைத்தாலும் பல நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். கட்டடங்களுக்கு அது பொருந்தும். கண் இமைக்கும் மனிதனுக்குப் பொருந்துமா?

இக்குறையைத் தீர்த்தவர் வில்லை தேய்க்கும் தொழிலாளர் அல்லர். அவர் வியன்னாப் பல்கலைக்கழகத்துக் கணிதப் பேராசிரியர் யோசெப் பெட்ஸ்வால். அதுகாறும் தொழிலாளர் தேய்த்துப் பார்த்து, திருத்தி, மீண்டும் தேய்த்தே வில்லைகளை உருவாக்கினர். பெட்ஸ்வாலோ ஒளிக்கதிர் ஒவ்வொரு கண்ணாடியிலும் எவ்வாறு வளையும் என்பதைத் தாளில் கணக்கிட்ட பின்னரே வடிவத்தை முடிவு செய்தார். இந்தக் கணக்கிற்கு ஆஸ்திரியப் பீரங்கிப் படையின் கணக்கர் சிலர் துணை நின்றனர் என்று வரலாறு கூறும். குண்டு விழும் தொலைவைக் கணித்துப் பழகியவர்கள், மனித முகம் தெளிவாக விழுவதற்குக் கணக்குப் போட்டது விந்தையே! நான்கு கண்ணாடிகளால் ஆகிய அவ்வில்லை 1840இல் உருவாயிற்று. பழைய வில்லையைக் காட்டிலும் 15 மடங்குக்கு மேல் ஒளியை உள்ளே விட்டது. படத்தின் நடுப்பகுதி கூர்மையாகவும் ஓரங்கள் மங்கியும் இருந்தன என்பது உண்மை. எனினும், முகத்தைப் படம் பிடிப்போருக்கு அக்குறையும் அழகாகவே பட்டது.

அவ்வில்லையைச் செய்து விற்றது வோய்க்ட்லேண்டர் பட்டறை. பெட்ஸ்வால் பெற்றது ஒரு முறை வழங்கப்பட்ட 2,000 கில்டர் மட்டுமே. ஆஸ்திரியாவிற்கு வெளியே அவருக்குக் காப்புரிமை இல்லை. பட்டறைக்கும் அவருக்கும் பகை மூண்டது. 1849இல் வோய்க்ட்லேண்டர் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஒரு தொழிற்கூடம் நிறுவி, ஆஸ்திரியச் சட்டத்தின் கைக்கு எட்டாத இடத்திலிருந்து அதே வில்லையைச் செய்தார். பிற நாட்டாரும் தயக்கமின்றி அதனைப் படியெடுத்தனர். 1859இல் பேராசிரியரின் இல்லத்தில் கள்வர் புகுந்ததில் அவருடைய கையெழுத்துப் படிகள் அழிந்தன. கணக்கு ஒருவருடையது, கைத்திறன் மற்றவருடையது, வில்லையின் மேல் நின்ற பெயரோ கைத்திறனுக்கு உரியவருடையது. ஒளிப்பட வரலாற்றின் தொடக்கத்திலேயே இவ்வழக்கு எழுந்துவிட்டது.

பின்வந்த நூறாண்டுச் செய்திகளை விரிக்க வேண்டுவதில்லை. 1900இல் ஹான்ஸ் ஹார்ட்டிங் வகுத்த ஹெலியார் வில்லை புகழ் பெற்றது. 1925இல் நிறுவனம் ஷேரிங் என்னும் மருந்து நிறுவனத்தின் கைக்கும், 1956இல் கார்ல் ஸைஸ் அறக்கட்டளையின் கைக்கும் சென்றது. 1959இல் சாதாரண ஒளிப்படக் கருவிக்கென முதன்முதலாக வந்த ஜூமார் என்னும் ஜூம் வில்லை வோய்க்ட்லேண்டர் பெயரையே தாங்கியது. அதை வகுத்தவரோ நியூயார்க்கில் வாழ்ந்த ஃபிராங்க் பாக். அங்கும் மூளை வெளியிலிருந்தே வந்தது.

1970களின் தொடக்கத்தில் அப்பெயர் பிரவுன்ஷ்வைக்கின் மற்றொரு நிறுவனமாகிய ரோலையைச் சேர்ந்தது. ஜெர்மனியில் கூலி உயர்ந்து, ஜப்பானியக் கருவிகள் சந்தையை நிறைத்த காலம் அது. ரோலை தன் உற்பத்தியைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தது. பிரிட்டிஷ் படைகள் வெளியேறிக்கொண்டிருந்ததால் வேலையிழந்தோருக்கு வழி தேடிய சிங்கப்பூர் அரசு அதனை வரவேற்றது. ரோலையோடு இணைந்து நுட்பத் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றையும் அமைத்தது. ஆயிரக்கணக்கானோர் வேலை பெற்றனர். உள்ளங்கையில் அடங்கும் ரோலை 35 கருவியும் இங்குச் செய்யப்பட்டது. அதன் டெஸ்ஸார் வில்லை ஸைஸ் நிறுவனத்தார் வகுத்தது; அவர்தம் உரிமத்தின்பேரில் ரோலை செய்தது. வோய்க்ட்லேண்டர் பெயர் பொறித்த கருவிகளும் வில்லைகளும்கூட இத்தீவில் உருவாயின. 1981இல் ரோலை நொடித்தபோது தொழிற்கூடம் மூடப்பட்டது. இன்றும் பழைய கருவிகளை விற்கும் சந்தையில் ஜெர்மனி என்று பொறித்த ரோலை 35 கூடுதல் விலைக்கும், சிங்கப்பூர் என்று பொறித்தது குறைந்த விலைக்கும் போகின்றன. வில்லையின் கணக்கு ஒன்றே. விலையில் உள்ள வேறுபாட்டைக் கண்ணாடியில் தேடுவது வீண். அது வாங்குவோர் மனத்தில் உள்ளது.

1999இல் அப்பெயரைப் பயன்படுத்தும் உரிமையை ஜப்பானின் நாகனோ மாநிலத்தைச் சேர்ந்த கோசினா பெற்றது. இந்நிறுவனம் பிறர் பெயரில் உழைத்துப் பழகியது. நிக்கான் எஃப்எம்10, கெனான் டி60 ஆகிய இரு கருவிகளும் உண்மையில் கோசினா செய்தவையே. இப்போது அது தான் வகுத்த வில்லைகளுக்கு வியன்னாப் பெயரைச் சூட்டியது. முதலில் வந்தவற்றுள் ஒன்று 15 மில்லிமீட்டர் ஹெலியார். மிக அகன்ற காட்சியைப் படச்சுருளில் அடக்கும் சிறிய வில்லை.

2008இல் பானசோனிக் ஜி1 வெளிவந்ததோடு மிர்ரர்லெஸ் எனப்படும் ஆடியில்லாக் கேமராவின் காலம் தொடங்கியது. முந்திய கருவிகளில் வில்லைக்கும் படச்சுருளுக்கும் இடையே ஓர் ஆடி மேலெழ வேண்டியிருந்ததால், நிக்கானில் 46.5 மில்லிமீட்டரும் கெனானில் 44 மில்லிமீட்டரும் இடைவெளி விடப்பட்டன. ஆடி நீங்கியதும் அது சோனியில் 18, நிக்கானில் 16, கெனானில் 20 எனச் சுருங்கியது. எந்த நாட்டுப் பழைய வில்லையையும் ஓர் இணைப்பு வளையத்தால் பொருத்த இடம் கிடைத்தது. எனினும், இங்கு எதிர்பாராத இடர் ஒன்று நேர்ந்தது. சாய்ந்து விழும் கதிரைப் படச்சுருள் ஏற்றுக்கொண்டது. மின்னணு ஒளியுணரி அவ்வாறு ஏற்கவில்லை. படச்சுருளில் சிறந்து விளங்கிய 15 மில்லிமீட்டர் ஹெலியார் புதிய கருவிகளில் ஓரங்களில் ஊதா படரும் படங்களைத் தந்தது. கோசினா அதன் கணக்கை மீண்டும் போட்டது. 2015இல் வந்த மூன்றாம் வடிவம் முன்னதைவிடப் பருத்து நீண்டது; ஊதா நீங்கியது. பெயர் மாறவில்லை, குறை தீர்ந்தது. பெட்ஸ்வால் செய்ததும் இதே வேலைதான்.

சோனி 2011இல் தன் பொருத்து வளையத்தின் அடிப்படை விவரங்களைப் பிற வில்லை நிறுவனங்களுக்குக் கட்டணமின்றித் திறந்துவிட்டது. அதனாலேயே சிக்மா, டாம்ரான் போன்றோரின் வில்லைகள் சோனிக் கருவிகளுக்கு மிகுதியாக வந்தன. பொருள் வசதி குறைந்தோரும் நல்ல வில்லையை அடைய முடிந்தது. கெனான் 2018இல் கொணர்ந்த ஆர்எஃப் வளையத்தில் தானே குவியும் வில்லைகளைச் செய்ய அவ்விருவருக்கும் 2024வரை வழி பிறக்கவில்லை. அப்போதும் சிறிய ஒளியுணரிக்கு உரிய வில்லைகளே முதலில் வந்தன. கணக்கின் உரிமை அன்று காக்கப்படவில்லை. இன்று வளையத்தின் உரிமை நன்கு காக்கப்படுகிறது. 2022இல் கோசினா நிக்கானின் உரிமம் பெற்று அதன் இசட் வளையத்திற்கு வோய்க்ட்லேண்டர் வில்லைகளைச் செய்யத் தொடங்கிற்று. அவற்றைப் பழைய முறைப்படி கையால் திருப்பியே குவிக்க வேண்டும். பின்புறத்து மின்முனைகள் மட்டும் ஒளித்துளையின் அளவைக் கருவிக்குத் தெரிவிக்கின்றன.