ஊரே பயிற்சிக்கூடம்

மாற்றுத்திறனாளிகளின் நல்வாழ்வு பற்றிய வரலாற்றை ஆராயுமிடத்து, நாம் ஒரு பெரிய மாற்றத்தைக் காண்கின்றோம். முன்னர் அவர்கள் ஊரைவிட்டு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டனர். பின்னரோ, நிலையங்களிலிருந்த அறிவு அவர்களைத் தேடி ஊருக்கு வரலாயிற்று.

நிலையங்கள் ஆற்றிய தொண்டு சிறிதன்று. செவிப்புலனற்ற பிள்ளைகளுக்கும் விழிப்புலனற்ற பிள்ளைகளுக்குமென மேரி சப்மன் அம்மையார் 1912 ஆம் ஆண்டில் தொடக்கிய பாடசாலை, இலங்கையில் இத்துறைக்கு வழிகாட்டிற்று. ஆயினும் இத்தகைய நிலையங்களில் இடம் பெற்றோர் சிலரே. தூரத்துக் கிராமங்களிலே பலர் வீட்டு மூலையில் முடங்கினர். பயிற்சி பெற்று மீண்டவர்க்கும் ஊரில் தொழிலும் தோழமையும் கிட்டுதல் அரிதாயிற்று.

1978 இல் அல்மா ஆத்தா நகரில் கூடிய உலக மாநாடு, ஆரம்ப சுகாதார சேவை மக்கள் வாழுமிடத்துக்கே செல்லவேண்டுமென்றும், புனர்வாழ்வும் அதன் ஓர் அங்கமென்றும் பிரகடனஞ் செய்தது. இதனை அடியொற்றி உலக சுகாதார ஸ்தாபனம் சமுதாயம்சார் புனர்வாழ்வு என்னும் முறையை வகுத்தது. பல நாடுகளிற் பரீட்சித்துத் திருத்திய கைந்நூல் 1989 இல் வெளிவந்தது. அதனை ஆக்கிய நால்வருள் ஒருவர் நம் நாட்டவரான பத்மனி மென்டிஸ் அம்மையார் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது.

அந்நூல் எளிய சொற்களாலும் படங்களாலும் ஆனது. தாய், தந்தை, சகோதரர், அயலவர் ஆகியோரே பயிற்றுநர். இருமருங்கும் கம்புகளை நட்டு நடை பழக்கலாம். சைகையாற் பேசப் பழக்கலாம். தானே உண்ணவும் உடுக்கவும் பழக்கலாம். ஆசிரியருக்கும் ஊர்ச் சபைக்கும் தனித்தனி வழிகாட்டிகள் அதில் உள்ளன. பிள்ளை நடக்கப் பழகினால் மட்டும் போதாது, அது நடந்து செல்லும் பாடசாலையும் அதனை ஏற்றல் வேண்டும் என்பதே இதன் கருத்து.

காலப்போக்கில் இது உரிமைக் கோட்பாடாக வளர்ந்தது. இலங்கையில் 1996 இல் 28 ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க இயற்றப்பட்டது. 2010 இல் வெளியான உலக வழிகாட்டி சுகாதாரம், கல்வி, சீவனோபாயம், சமூக வாழ்வு, வலுவூட்டல் என்னும் ஐந்து துறைகளை வகுத்தது. ஐக்கிய நாடுகள் சபையின் உரிமைச் சாசனத்தை இலங்கை 2016 இல் ஏற்றுறுதி செய்தது.

சட்டமும் நூலும் ஊர் எல்லைவரை வரும். வீட்டுப் படலையைத் திறப்பது அயலவர் கையிலேயே உளது. வாலிப அன்பர்களே! நமது வாசிகசாலைப் படியருகே ஒரு சாய்தளம் உண்டா? விளையாட்டு விழாவிலே அவர்களுக்கு ஓரிடம் உண்டா? நிர்வாக சபையிலே ஓர் ஆசனம் உண்டா? இவ்வினாக்களுக்கு விடை காணும் பொறுப்பு நம்முடையதே.