மருந்தும் அளவும்

தெல்லிப்பழையில எங்கட அப்பப்பா ‘இடியன்’ துவக்கு பற்றி அடிக்கடி கதைப்பார். குழல் வாயால மருந்தைப் போட்டுக் கம்பியால இடிச்சு இறுக்கிறதால அந்தப் பேர். அவரின்ர கூட்டாளி ஒருவருக்கு இடக்கையில ரெண்டு விரல் இல்லை. மருந்து கூடிப்போச்சாம்.

நோய்க்கும் துவக்குக்கும் நாங்கள் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம்: மருந்து. இரண்டிலும் அளவுதான் உயிர்.

இதே பாடத்தை அமெரிக்காவில் சாமுவேல் கோல்ட்டும் படித்தார். 1847இல் அவர் செய்த வாக்கர் ரிவோல்வரின் ஒவ்வொரு அறையும் 60 கிறெயின், அதாவது கிட்டத்தட்ட 4 கிராம் கரிமருந்து கொள்ளும். அக்கால இரும்பு அதைத் தாங்கவில்லை. பல ரிவோல்வர்களின் உருளை சுடும்போதே வெடித்தது. ‘குறைச்சுப் போடுங்கோ’ என்று சொன்னால் மட்டும் போதுமா? 1848இல் வந்த டிரகூன் ரிவோல்வரில் உருளையையே கட்டையாக்கினார். ஏறத்தாழ 50 கிறெயினுக்கு மேல் போட இடமே இல்லை.

இடியனுக்கு அப்படி ஒரு காவல் இல்லை. நீண்ட குழல், கொட்டக் கொட்டக் கொள்ளும். கரிமருந்துக்காகச் செய்த பழைய குழலில் இன்றைய புகையில்லா மருந்தைப் போட்டால் அழுத்தம் பன்மடங்கு கூடும். அங்கே கொஞ்சம்கூட ஆபத்துத்தான்.

கோல்ட் இரும்பில் வைத்த எல்லையை, எங்கட ஆக்கள் நினைவில் மட்டுமே வைத்திருந்தார்கள். நினைவு தவறினால் விரல்தான் விலை.