விண்வெளியில் ஒரு மராத்தான்

‘ஸ்டார் ட்ரெக்’ தொடர்மீதும் மராத்தான்மீதும் எனக்குள்ள பைத்தியம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இந்த இரண்டையும் சேர்த்து நினைக்க வைக்கும் நாள் ஒன்று உண்டு.

அந்தத் தொடர் 1966-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கியது. விண்கலத்துக்குள் எல்லோரும் பள்ளி வராந்தாவில் நடப்பதுபோல் நடப்பார்கள். கேட்டால் செயற்கை ஈர்ப்பு! கலத்தைக் கோளில் இறக்கிக் காட்டினால் செலவாகும் என்றுதான், ஆளைக் கரைத்து வேறிடத்துக்கு அனுப்பும் கருவியையே கற்பனை செய்தார்கள்.

நிஜ விண்வெளியில் உடல் எடையைத் தாங்கும் வேலை எலும்புக்கு இல்லை. சும்மா இருந்தால் இடுப்பெலும்பு மாதத்துக்குச் சுமார் 1 சதவீதம் தேயும், தசையும் மெலியும். அதனால் அங்கே இருப்பவர்களுக்குத் தினமும் சுமார் 2 மணி நேரம் உடற்பயிற்சி கட்டாயம்.

2007 ஏப்ரல் 16, பாஸ்டன் மராத்தான். ஊரில் மழை, குளிர்காற்று. சுனிதா வில்லியம்ஸ் அதே பந்தயத்தைப் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் ஓடினார். பந்தய எண் 14,000. டிரெட்மில்லில் கால் பதிய வேண்டுமே! உடம்பில் பட்டை கட்டி, ரப்பர் வடங்களால் கீழே இழுத்துப் பிடித்தபடி 42.195 கி.மீ. ஓட வேண்டும். 4 மணி 24 நிமிடத்தில் முடித்தார். அதற்குள் நிலையம் பூமியை ஏறக்குறைய மூன்று முறை சுற்றியிருந்தது.

2016-ல் டிம் பீக் லண்டன் மராத்தானை அங்கிருந்தே ஓடினார். 3 மணி 35 நிமிடம், வேகம் அதிகம். ஆனாலும் என் ஓட்டு சுனிதாவுக்குத்தான். விண்வெளியில் முதன்முதலில் மராத்தான் ஓடியவர் அவர். அன்று கீழே, மழையில், அவருடைய அக்காவும் ஓடிக்கொண்டிருந்தார்.